ரோடு வராத ஊரில் நான்கு நாள்

பயணத் திட்டத்தில் எங்கள் நடைக்குப் போட்டிருந்த தரம் 'எளிது'. முதல்முறை வருபவர்களுக்கு ஏற்றது, மலையேறிய அனுபவம் தேவையில்லை, ஒரு நாளைக்கு 8 முதல் 12 கிலோமீட்டர், கூடவே ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக வருவார் என்று அதன் கீழே இருந்தது. 52 வயதில் முதல் தடவையாக இமயமலைப் பக்கம் நடக்கப் போகிறவளுக்கு அந்த ஒரு சொல்தான் தைரியம் கொடுத்தது. போய் வந்து ஐந்து மாதமாகிறது. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், பழைய தோழிகள், மூட்டுவலிக்குப் பயந்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போடும் என் பெரியம்மா மகள் என்று பலரும் கேட்கிறார்கள், "எங்களால முடியுமா? நிஜமாவே ஈஸிதானா?" என்று. தாராளமாகப் போகலாம் என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி கண் முன்னால் வந்து நிற்கிறது. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அதை எழுதிப் பார்த்தாலாவது பதில் சொல்ல வருமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் நடந்தது உத்தராகண்டின் குமாவுன் பகுதியில், அல்மோராவுக்கு மேலே இருக்கும் பின்சர் காட்டில். டெல்லியிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. அங்கிருந்து காரில் மலையேறி, பாதிக்கு மேல் கோசி ஆற்றை ஒட்டிப் போனால் அல்மோரா. உயரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்சரின் உச்சியான ஜீரோ பாயிண்ட் சுமார் 2,400 மீட்டர்தான். ஊட்டிக்குப் போய் மூச்சுத் திணறாமல் திரும்பியவர்களுக்கு இங்கேயும் ஒன்றும் ஆகாது. சிரமமெல்லாம் முழங்காலுக்குத்தான், அதுவும் ஏறும்போது இல்லை, இறங்கும்போது.

1988-ல் இந்தக் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே உள்ளே ஊர்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. ரிசால், கோனாப், தலார், சத்ரி, கட்தாரா என்று காட்டின் உள்ளும் ஓரத்திலும் சிற்றூர்கள். நாங்கள் தங்கிய ஊரின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. ஆள் இருக்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சுமை

ஜீப் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் தார் முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கியது. புனேயிலிருந்து இரண்டு பேர், பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி, நான். என் பெரிய பையை ஊர் இளைஞர் ஒருவர் வாங்கி முதுகில் வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் துணிமணியை இன்னொருவர் முதுகில் ஏற்றிவிட்டு நான் கையை வீசிக்கொண்டு நடப்பதா? நானே தூக்கிக்கொள்கிறேன் என்று பையைப் பிடித்தேன். வழிகாட்டி குறுக்கே வந்தார். நாற்பதைத் தொடாத வயது, அதிகம் பேசாதவர். "தீதி, இன்னைக்கு இவனோட முறை. நீங்க தூக்கினா இவனுக்கு இன்னைக்குக் காசு கிடையாது. ஊர்ல குழு இருக்கு, யார் தூக்கணும், யார் சமைக்கணும்னு முறை வச்சுத்தான் செய்யறோம்" என்றார். பையை விட்டுவிட்டேன்.

முதல் ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவரே அந்தப் பேச்சைத் தொடர்ந்தார். குமாவுனில் சுமை என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அதிகாரிகள் இந்தப் பாதைகளில் பயணம் போகும்போது அவர்களுடைய கூடாரம், பெட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் சுமக்க வேண்டும், காசு கிடையாது. குலி பேகார் என்று அதற்குப் பெயர். நமக்குக் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கும் பணம், அவர்களுக்கு அந்தச் சொல் பணமே இல்லாமல் முதுகு ஒடிவதைக் குறித்தது. வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமானும் ஊர்தான் கொடுக்க வேண்டும், அது பர்தாயிஷ். எந்த ஊரில் யார் யார் சுமக்க வேண்டும் என்பதற்கு ஊர்த் தலைவரிடம் பதிவேடு இருந்தது. 1921 ஜனவரியில் உத்தராயணித் திருவிழாவுக்கு பாகேஷ்வரில் கூடிய ஜனங்கள், பத்ரி தத் பாண்டே முதலானவர்கள் முன்னால் நிற்க, அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். இனிமேல் சுமக்க மாட்டோம் என்று ஆற்றுத் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். "என் தாத்தாவோட அப்பா அங்க இருந்தார்னு வீட்ல சொல்வாங்க" என்றார் வழிகாட்டி. முன்னால் என் பையோடு போய்க்கொண்டிருந்த இளைஞரைப் பார்த்தேன். சம்பளத்துக்கு, முறை வைத்து, தன் விருப்பத்தில் சுமக்கிறார். நான் காட்டிய தயக்கத்தில் இரக்கம் இருந்த அளவுக்கு விவரம் இருக்கவில்லை என்று பட்டது.

அந்த முதல் நாள் ஏற்றத்தில் ஒரு திருப்பத்தில் பெரிய பாறை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புராஞ்ச் மரம் ஒன்று, ரோடோடென்ட்ரான் என்பார்களே அது, கவிந்து நிழல் தரும். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வயல்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன கோவில்பட்டி கடலைமிட்டாயைப் பிரித்து அங்கேதான் எல்லோருக்கும் கொடுத்தேன். நான்கு நாளில் பார்த்த இடங்களில் இதுதான் அழகு என்று என் குறிப்பேட்டில் அன்றே எழுதியும் வைத்தேன். அந்தப் பாறை பிறகு வரும்.

பாதை பாதி தூரம் சீட் மரங்களுக்குள் போகிறது. சீட் என்பது அங்கத்துப் பைன். அதன் ஊசி இலை, பிரூல் என்கிறார்கள், காய்ந்து மெத்தை மாதிரி கிடக்கும், கால் வைத்தால் வழுக்கும். காலை நேராக வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்கச் சொல்லிக் கொடுத்தார் வழிகாட்டி. முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தை அது ஒன்றுதான். கோடையில் அந்தப் பிரூல்தான் தீப்பிடிக்கிறது. ஓரிடத்தில் மரங்களெல்லாம் நெஞ்சுயரத்துக்குக் கரியாக நின்றன. 2024 ஜூன் 13-ம் தேதி இந்தச் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நான்கு பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். அந்த மரங்களைக் கடக்கும்போது யாரும் பேசவில்லை.

சீட் காடு முடிந்து பாஞ்ச் காட்டுக்குள் நுழைந்ததும் காற்று மாறிவிடும். பாஞ்ச் என்பது ஓக் மரம். பட்டையில் பாசியும் பெரணியும் ஒட்டிக்கொண்டிருக்கும், காலடி மண் ஈரமாக இருக்கும். குமாவுன் பெண்களுக்கு இந்த மரம் மாட்டுத் தீவனம், அடுப்பு விறகு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். பாஞ்ச் வேர் இருக்கும் சரிவில்தான் ஊற்று நிற்கும் என்பார்கள். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு நௌலா இருந்தது, நிலத்தடி ஊற்றுக்குக் கல்லால் கட்டிய சின்ன அறை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போக வேண்டும். நாலு பக்கமும் படிப்படியாகக் குறுகி அடியில் ஒரு சாண் சதுரத்தில் முடிகிற தொட்டி, மேலே கல் கூரை, சுவரில் தேய்ந்துபோன விஷ்ணு. தண்ணீர் அசையவே இல்லை, அடியில் கிடந்த ஒரு பாஞ்ச் இலையின் நரம்பு வரை தெரிந்தது. கோவிலுக்குள் போகிற மாதிரிதான் அங்கே பெண்கள் குடத்தோடு போகிறார்கள்.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

முதல் நாள் சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய கல் வீடுகள், பாக்லி என்கிறார்கள். கீழே மாடு, மேலே மனிதர். முன்னால் பலகைக்கல் பாவிய முற்றம். வாசற்படியில் காவி பூசி, அதன் மேல் அரிசி மாவைக் கரைத்து விரலால் இழுத்த கோலம். அவர்கள் அதை ஐப்பண் என்கிறார்கள். செம்மண்ணும் மாக்கோலமும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் படியில் கால் வைக்கவே மனசு வரவில்லை, சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். அதை வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். பாட்டியைக் குமாவுனியில் 'ஆமா' என்று கூப்பிடுவார்கள். நாள் முழுக்க யாராவது "ஆமா, ஆமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்க, என் காதுக்கு அந்த வீடே எதையோ ஒப்புக்கொண்டிருப்பது போல இருந்தது. என் கையைப் பிடித்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார் ஆமா.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மண்டுவா ரொட்டி என்று வந்தது நம் கேழ்வரகு. கஹத் பருப்பு என்றது கொள்ளு. கடைசியில் வந்த ஜங்கோராப் பாயசம் குதிரைவாலி. பெயர்தான் வேறு, எல்லாம் என் ஆச்சி வீட்டுக் குதிருக்குள் இருந்தவை. பட் என்கிற கறுப்புச் சோயாவை வறுத்து இரும்புச் சட்டியில் கொதிக்க வைத்த சுட்கானி மட்டும் எனக்குப் புதிது. கூடவே பூண்டும் மிளகாயும் உப்பும் அம்மியில் அரைத்தது. விறகுப் புகை, சூடான ரொட்டி, கதவுக்கு வெளியே இருட்டு. வண்டிச் சத்தமே இல்லாத ஓர் இரவில் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்திருந்தேன் என்று ஞாபகமில்லை. மனசு நிறைந்துபோய் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், "இந்த ஊருக்கு மட்டும் ரோடு வந்துடவே கூடாது."

உண்மையாகத்தான் சொன்னேன். கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். ஆமாவுக்கு இந்தி அவ்வளவாகப் புரியாது, அதிலும் என் இந்தி. என்ன சொல்கிறாள் என்று வழிகாட்டியைப் பார்த்தார். அவர் ஒரு கணம் பொறுத்து, குமாவுனியில் சுருக்கமாக ஏதோ சொன்னார். ஆமா முகமெல்லாம் சிரிப்பாக இன்னொரு ரொட்டியை எடுத்து, நெய்யைத் தடவி என் தட்டில் வைத்தார். தான் இருக்கும் ஊரை இப்படிப் புகழ்ந்ததில் அவருக்குச் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாற்காலி

மறுநாள் காலையில் பல் தேய்க்க வீட்டின் பின்பக்கம் போனேன். கூரை நீட்டத்துக்குக் கீழே, விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில், அந்த நாற்காலி தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே மாதிரி கை வைத்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, பழசாகி மஞ்சள் பூத்தது. இரண்டு கைப்பிடிகளுக்கும் அடியில் ஆளுயரத்தைவிட நீளமாக இரண்டு கம்புகளை விட்டு, நீல நைலான் கயிற்றால் நாலு இடத்தில் இறுக்கியிருந்தார்கள். கம்புகளின் நாலு முனையிலும் பழைய ஸ்வெட்டர் கைகளை வெட்டிச் சுற்றியிருந்தது. ஒன்று பச்சை, ஒன்று மெரூன், இரண்டு சாம்பல். முன்கால் ஒன்று விரிசல் விட்டு, அதைத் துளை போட்டுக் கம்பியால் தைத்திருந்தார்கள். உட்காருமிடத்தின் குறுக்கே ஒரு துப்பட்டாத் துண்டு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. கம்பைத் தொட்டேன். ஸ்வெட்டர் துணிக்கு அந்தப் பக்கம், கை பிடிக்கிற இடம், நம் ஊர் உலக்கை நடுவில் தேய்ந்திருக்குமே அப்படி வழவழவென்று இருந்தது.

தண்ணீர்ச் செம்போடு வந்த வழிகாட்டி நான் பார்ப்பதைப் பார்த்தார். "இதுதான் எங்க நூற்றியெட்டு" என்றார். சிரிக்காமல், விஷயமாகத்தான் சொன்னார். நாலு பேர் தூக்குவார்கள், மாற்றுக்கு நாலு பேர் கூடவே நடப்பார்கள். நல்ல வெயில் நாளில் ரோட்டுக்குப் போக இரண்டு மணி நேரம், மழையில் மூன்றுக்கு மேலும் ஆகும். ஆம்புலன்ஸ் அங்கே வந்து காத்திருக்கும், சிக்னல் கிடைத்துப் போன் போயிருந்தால். துப்பட்டா எதற்கென்று கேட்டேன். "இறக்கத்துல ஆள் முன்னால சரிஞ்சுடக் கூடாதே." கடைசியாக எப்போது தூக்கினீர்கள் என்றேன். செப்டம்பரில், பாஞ்ச் இலை வெட்ட மரமேறி விழுந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை. எட்டு ஆண்கள் சேர்வதே கஷ்டம், இளைஞர்களெல்லாம் கீழே ஹல்த்வானியிலும் டெல்லியிலும் இருக்கிறார்கள், அன்றைக்கு ஆறு பேர்தான் கிடைத்தார்கள் என்றார். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு வயது 63.

எந்த வழியாகத் தூக்கிப் போவீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. நாங்கள் வந்த வழிதான். வேறு வழி கிடையாது.

அன்றைக்கு ஜீரோ பாயிண்டுக்கு நடை. மற்றவர்கள் முன்னால் போக, நான் வழிகாட்டியோடு பின்தங்கினேன். வெகு நேரம் பேசாமல் நடந்துவிட்டுக் கேட்டேன், "பய்யா, நேத்து ராத்திரி நான் சொன்னதை ஆமாகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"ரொட்டி ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னு சொன்னேன் தீதி."

அந்த நெய் தடவிய ரொட்டி எதற்கு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை, நாலடி முன்னால் போய்த் திரும்பி, என்னைக் குற்றம் சொல்லாத குரலில், "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க" என்றார். பிறகு கேட்டார், முதல் நாள் கடலைமிட்டாய் கொடுத்தேனே, அந்தப் பாறை ஞாபகமிருக்கிறதா என்று. அவருடைய இரண்டாவது மகள் அங்கேதான் பிறந்தாள். ராத்திரி வலி கண்டு, இதே நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்கி, அதற்கு மேல் முடியாமல் அங்கே இறக்கி வைத்தார்கள். கூட வந்த ஆமாதான் பிரசவம் பார்த்தார். குழந்தைக்கு இப்போது ஏழு வயது, நன்றாக இருக்கிறாள். என் குறிப்பேட்டில் அழகு என்று எழுதிய இடம்.

ஜீரோ பாயிண்டில் மேகமே இல்லை. கேதார்நாத், சௌகம்பா, திரிசூல், 7,816 மீட்டர் நந்தாதேவி, நந்தாகோட், பஞ்சசூலி என்று வரிசையாகக் காட்டினார். பனிமலைகளைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் அன்றைக்கு அவற்றைச் சரியாகப் பார்க்கவும் இல்லை.

திரும்பும் வழியில் எதிர் மலையில் ஓர் ஊரைக் காட்டினார். சரணாலயத்துக்கு வெளியே இருக்கிறது, ஊர் வாசல் வரை தார் ரோடு. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தால் வீடுகளும் தெரிகின்றன, ரோடும் தெரிகிறது. "பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ரோடு வந்தப்புறம்தான் அதிகமா போனாங்க. லாரி வந்து பீரோ, கட்டில் எல்லாத்தையும் ஒரே நடையில ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு." உத்தராகண்ட் அரசு 2017-ல் இதற்கென்றே ஓர் ஆணையம் வைத்தது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 ஊர்கள் ஆளே இல்லாமல் காலியானதாக அதன் அறிக்கை சொல்கிறது. போனவர்களில் பாதிப் பேர் பிழைப்பைத் தேடிப் போனவர்கள், மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பயிரைக் குரங்கும் காட்டுப்பன்றியும் அழிப்பதும் ஒரு காரணம். மலையை வெட்டி ரோடு போடும்போது மண்ணைச் சரிவில் தள்ளுவதால் கீழே இருக்கும் நௌலா மூடிப்போகிற கதையும் அவர் சொன்னார். அதனால் ரோடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ரோடு வந்தால் எங்களைப் போன்றவர்கள் நடந்து வர மாட்டோம், விருந்தினர் வீட்டு வருமானம் போய்விடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் படிப்புக்காக அல்மோராவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து வருகிறார்.

அப்படியானால் உங்களுக்கு ரோடு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டேன். "கலெக்டருக்கு மனு போட்டிருக்கோம். கோலுவுக்கும் போட்டிருக்கோம்" என்றார். அல்மோரா பக்கத்தில் சிதயீ என்ற இடத்தில் கோலு தேவதைக்குக் கோவில் இருக்கிறது. நியாயம் வழங்கும் தெய்வம். வழக்கு, நிலத் தகராறு, வேலை, கல்யாணம் எதுவானாலும் ஜனங்கள் முத்திரைத் தாளில் மனு எழுதிக் கட்டிவிட்டு, நிறைவேறினால் மணி கட்டுகிறார்கள். நடை தொடங்குவதற்கு முந்தின நாள் நாங்கள் அங்கே போயிருந்தோம். ஆயிரக்கணக்கான மணிகளுக்கு நடுவில் காற்றில் படபடத்த காகிதங்களைப் போட்டோ எடுத்திருந்தேன். அவற்றில் ஒன்று இந்த ஊருடையதாக இருக்கலாம். சரணாலயத்துக்குள் புதிதாக ரோடு வெட்டுவது சட்டப்படி அவ்வளவு சுலபமில்லை. சிறுத்தைக்கும் பாஞ்ச் மரத்துக்கும் அந்தச் சட்டம் வேண்டும் என்றும் நினைக்கிறேன். காட்டைக் காப்பாற்றுவதன் செலவை இந்த ஆறேழு வீட்டுக்காரர்கள் தோளில், ஸ்வெட்டர் கை சுற்றிய கம்பில் ஏற்றியிருக்கிறோம் என்பது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்தி, ஒரு நோயாளி வண்டி மட்டும் போகிற மாதிரி செய்ய முடியாதா, ஊரில் ஒரு நர்ஸ் தங்க முடியாதா என்றெல்லாம் கேட்டேன். அதெல்லாம் அவர்கள் கேட்டுப் பார்த்தவைதான்.

அன்று ராத்திரி வழிகாட்டியை உட்கார வைத்துக்கொண்டு ஆமாவிடமே கேட்டேன். இந்தத் தடவை சரியாகச் சொல்லச் சொன்னேன். ஆமா உடனே பதில் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுத்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார், வழிகாட்டி நடுநடுவே இந்தியில் சொன்னார். பதினாறு வயதில் கல்யாணமாகி இந்தப் பாதையில்தான் நடந்து வந்தார். இந்த வீட்டில் நான் பார்க்கிற எல்லாமே, கதவு நிலை, டிரங்குப் பெட்டி, டிவி, சிமெண்ட், யாரோ ஒருவர் தலையிலோ முதுகிலோ வந்தது. மாமனாரைக் கீழே தூக்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. புருஷனைக் கீழே தூக்கிப் போனார்கள், அவரும் வரவில்லை. "ரோடு வந்தா நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றார். "அல்மோராவுக்கு ஒரு தடவை போயிட்டு, திரும்பி வரும்போது ஜீப்பு இந்த முற்றத்துல நிக்கணும். நான் இங்க இறங்கணும்." முற்றத்தில் எந்த இடம் என்று கையால் காட்டினார். மாடு கட்டும் கல்லுக்குப் பக்கத்தில்.

கேட்கிறவர்களுக்கு

போங்கள். உங்களால் முடியும். அக்டோபர், நவம்பரில் போங்கள், இல்லையென்றால் புராஞ்ச் பூக்கும் மார்ச், ஏப்ரலில். மழைக்காலத்தில் அட்டையும் வழுக்கலும் இருக்கும், மே, ஜூனில் தீ. போவதற்கு இரண்டு மாதம் முன்பே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். காலணியைப் புதிதாக வாங்கிப் போடாதீர்கள். கையில் ஒரு தடி இருக்கட்டும். பையைத் தூக்க வருகிறவரைத் தடுக்காதீர்கள், ஆனால் பையைப் பத்துக் கிலோவுக்குள் கட்டுங்கள். வீட்டில் சேராமல் கிடக்கும் ஒரு நல்ல ஸ்வெட்டர் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆமாவின் வீட்டில் ரொட்டி சாப்பிடும்போது ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றினாலும் முதலில் அவரிடம் கேளுங்கள்.

நான்காம் நாள் அதே பாதையில் இறங்கினோம். புராஞ்ச் நிழல் விழும் பாறைக்கு வந்தபோது மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், எனக்கு உட்காரத் தோன்றவில்லை, கல்லைத் தொட்டுவிட்டு நடந்தேன். கீழே ரோட்டில் ஜீப் நின்றது. பக்கத்தில் ஒரு டீக்கடை, அதன் ஓரத்தில் ஒரு கேஸ் சிலிண்டர் வழிகாட்டிக்காகக் காத்திருந்தது. நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ வரும். எங்கள் பைகளை ஜீப்பில் ஏற்றிவிட்டு, எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு, அவர் குந்தி உட்கார்ந்து சிலிண்டரை முதுகோடு சேர்த்துக் கயிற்றைத் தோளில் மாட்டினார். நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். அது யாருக்கு என்று கேட்டேன்.

"ஆமாவுக்குத்தான். விறகுப் புகையில கண்ணு எரியுதுங்கறாங்க."

ஜீப் கிளம்பும்போது அவர் முதல் திருப்பத்தில் இருந்தார். ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு, மேலே ஏறத் தொடங்கினார்.